கிளட்ச் பிளேட் மேல் ஒரு வீண்பழி

ராமநாதபுரம் முதல் ராமேஸ்வரம் வரை டாக்சி ஸ்டாண்டுகளில் ஒரே தீர்ப்புதான்: "பெடல் தொளதொளன்னு இறங்குதா? பிளேட் போச்சு, செட்டா மாத்திருங்க." காரணம் கேட்டால் உப்புக்காற்றைக் காட்டுவார்கள். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து ஓய்வுபெற வைத்த காற்று, காரை விட்டுவைக்குமா என்பார்கள். தீர்ப்பும் தவறு, காரணமும் தவறு.

ஹைட்ராலிக் கிளட்சில் பெடலுக்கும் பிளேட்டுக்கும் நடுவே வேலை செய்வது பிரேக் ஆயில். மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் கியர்பாக்ஸ் பக்கமுள்ள சிலேவ் சிலிண்டர் கிளட்சைப் பிரிக்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். ஆகவே பெடல் தொளதொளத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை மூன்று: உள்ளே புகுந்த காற்று, வெளியே கசியும் ஆயில், மாஸ்டர் சிலிண்டரில் தேய்ந்த வாஷர்.

பிளேட் தேய்ந்த வண்டியின் அடையாளமே வேறு. பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது, கருகல் வாடை வரும். பெடல் தொளதொளத்த வண்டியிலோ கியர் விழாது, ரிவர்ஸ் போட்டால் கரகரக்கும். முன்னது பிடிக்காத கோளாறு. பின்னது விடாத கோளாறு.

"செட் மாத்தினதும் சரியாச்சே!" என்பார்கள். ஆகும். மாற்றும்போது சிலேவ் சிலிண்டரைக் கழற்றி மாட்டி, புது ஆயில் ஊற்றி, உள்ளே புகுந்த காற்றையும் வெளியேற்றி 'ஏர் எடுத்திருப்பார்கள்'. சரிசெய்தது அந்த வேலை; பேர் வாங்கியது பிளேட்.

உப்புக்காற்று ஒன்றும் செய்யாது என்றில்லை. வெளியே இரும்புக் குழாயையும் ஏர் எடுக்கும் நிப்பிளையும் அரிக்கும். கடலோர ஈரத்தைப் பிரேக் ஆயிலே உறிஞ்சிக்கொள்ளும். நாளடைவில் சிலிண்டருக்குள் துரு பிடித்து வாஷரைக் கெடுக்கும். எல்லாம் ஆயில் ஓடும் வழியில் நடக்கிற சேதம்.

இந்தச் சேதத்தைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ஆயில் டப்பாவில் மட்டம் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் அதே டப்பாதான். பிரேக் பேடு தேய்ந்தாலும் மட்டம் இறங்கும் என்பதால் அதோடு நிற்காதீர்கள். டாஷ்போர்டுக்கு அடியில், பெடல் கம்பி மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் தட்டுகிறதா? சிலேவ் சிலிண்டரின் ரப்பர் உறையில் கசிவு உண்டா? நாலைந்து முறை விரைவாக மிதித்ததும் பெடல் எழும்பினால் காற்று புகுந்திருக்கலாம். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் மிதித்தபடி இருக்கையில் பெடல் மெல்ல அமிழ்கிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர் வாஷரைச் சந்தேகியுங்கள்.

ஏர் மட்டும் எடுத்து அனுப்புவதும் பாதி வேலைதான். காற்று புகுந்த ஓட்டையை அடைக்காவிட்டால் பெடல் மறுபடி இறங்கும்.

சில கார்களில் சிலேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அங்கே இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கியபின் பிளேட்டையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றுவதே லாபம். ஆனால் பார்த்தபின் மாற்றுவது வேறு, பார்க்காமலே விலை சொல்வது வேறு. கசிவு எங்கே, தேய்மானம் எங்கே என்று காட்டாத மெக்கானிக்கிடம் செட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.