கிதியோன் மறுத்த அரியணை

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் எனக்குத் திராட்சைப் பந்தல் அன்றாடக் காட்சி. ஆதலால் விவிலியத்தின் நீதித்தலைவர்கள் நூலில் கிதியோன் அறிமுகமாகும் இடம் எப்போதும் என்னை ஈர்க்கும். மிதியானியரின் கொள்ளைக்கு அஞ்சி, திராட்சை பிழியும் ஆலைக்குள் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருக்கிறான் அந்த எளிய உழவன்.

பின்னர் அவனே தலைவனாகிறான். 32,000 பேர் கொண்ட படை 300 பேராகக் குறைக்கப்படுகிறது. எக்காளம், பானை, பானைக்குள் மறைத்த தீவட்டி ஆகியவற்றைக் கொண்டு நள்ளிரவில் பெரும்படையைச் சிதறடிக்கிறான். வீரமாமுனிவர் தேம்பாவணியில் இவனைச் சேதையோன் என்று அழைத்து, 'சேதையோன் வெற்றிப் படலம்' என ஒரு படலமே அமைத்தார். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் இவ்வெற்றியோடு நிறுத்திக்கொண்டவன்தான். அது பிழை என்று இன்று கருதுகிறேன். கிதியோனுக்கு உண்மையான சோதனை வெற்றிக்குப் பின்னரே வருகிறது.

'நீரும் உம் மகனும் பேரனும் எங்களை ஆள வேண்டும்' என மக்கள் வேண்டுகின்றனர். ஆண்டவரே ஆள்வார் என்று கூறி அவன் மறுக்கிறான். பரம்பரை ஆட்சியை இத்துணைத் தெளிவாக மறுத்தவர் வரலாற்றில் மிகச் சிலரே. ஆயின் அடுத்த மூச்சில் கொள்ளைப் பொருளிலிருந்து பொற்கடுக்கன்களைக் கேட்டுப் பெறுகிறான். 1,700 சேக்கல் எடையுள்ள அப்பொன்னால் ஏபோத்து என்னும் குருவுடை செய்து தன் ஊராகிய ஒப்ராவில் வைக்கிறான். மக்கள் அதனை வழிபடத் தொடங்க, அதுவே அவன் குடும்பத்துக்குக் கண்ணியாகிறது.

கம்பனை அறிந்தவர்க்கு இங்கே பரதன் நினைவுக்கு வருவான். அவனும் அரியணையை மறுத்தான். அவனும் ஒரு பொருளை முன்னிறுத்தினான். ஆனால் பாதுகைக்கு உரியவன் இராமன். பதினான்கு ஆண்டுகளும் அயோத்திக்குள் புகாமல் நந்தியம்பதியில் தவக்கோலத்தில் இருந்து, உரியவன் வந்ததும் அரசை ஒப்படைத்தான் பரதன். கிதியோனோ பட்டத்தை விட்டுப் பெருமையைத் தன் ஊரிலேயே வைத்துக்கொண்டான். அவன் மகன் ஒருவனின் பெயர் அபிமெலேக்கு. 'என் தந்தை அரசர்' என்பது அதன் பொருள். உடன்பிறந்தார் எழுபதின்மரை ஒரே கல்லின்மேல் கொல்வித்து, அந்த அபிமெலேக்கே அரசனானான்.

உயிர் தப்பிய இளைய மகன் யோத்தாம் ஒரு கதை சொல்கிறான். மரங்கள் தமக்கு அரசனைத் தேடுகின்றன. ஒலிவம், அத்தி, திராட்சை மூன்றும் மறுத்துவிட, முட்செடி இசைகிறது. திராட்சைக்கொடி தன் பழரசத்தை விட்டுவர மனமில்லாமல் மறுத்தது. மறுத்தபின் எவரிடமும் பொன் கேட்கவில்லை.

பதவி வேண்டாம் என்று சொல்லும் தலைவரை நாம் உடனே போற்றிவிடுகிறோம். பதவியை மறுத்த கை அடுத்து எதை ஏற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிதியோன் கதையை இனி வகுப்பில் இறுதிவரை சொல்வேன்.