தந்தையார் விட்டுச்சென்ற ரிவால்வர்

சென்ற திங்கள் நமது சங்கத்துக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மைச் சற்றே திகைக்க வைத்தது. இரயில்வே உத்தியோகத்தின் பொருட்டுத் தஞ்சைச் சீமையை விட்டுச் சிகந்திராபாத்துக்கு வந்து, மாரேட்பள்ளியில் வீடு கட்டி வாழ்ந்து, தொண்ணூறு வயது கடந்து காலமான பெரியவர் ஒருவரின் மூத்த மகனார் எழுதியது அது. வீடும் நிலமும் பாத்திரங்களும் மனத்தாங்கலின்றிப் பங்காகிவிட்டனவாம். எஞ்சியிருப்பது ஒரு ரிவால்வர். இளமையில் குறிபார்த்துச் சுடும் பந்தயங்களில் தந்தையாருக்கு ஈடுபாடு உண்டு. அதற்காக வாங்கி, கடைசிவரை லைசென்ஸைப் புதுப்பித்து வைத்திருந்தார். அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள மூத்தவர் விரும்புகிறார். வெளிநாட்டிலுள்ள இளையவரோ, அதன் மதிப்பைக் கணக்கிட்டுத் தம் பங்கில் ஈடு செய்யவேண்டும் என்கிறார். ஒரு நண்பர் இருபதாயிரம் என்றார். மற்றொருவர் எட்டு இலட்சம் என்றார். "எது உண்மை?" என்பது கேள்வி.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்று சொன்னால் அன்பர் நம்மைக் கோபிப்பார். ஆனால் விஷயம் அப்படித்தான் இருக்கிறது.

விலையைப் பேசுமுன் வேறொன்றைச் சொல்லியாகவேண்டும். லைசென்ஸ் அந்தப் பெரியவரின் பெயரில் இருந்தது. அவரோடு அது முடிந்தது. இன்று அந்த ரிவால்வர் பீரோவில் இருக்குமானால், அதை வைத்திருப்பவர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிறார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பின், இக்குற்றத்துக்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. தந்தை வைத்த பொருள்தானே என்னும் சமாதானம் அங்கே செல்லாது. சட்டத்தின் 21-ஆம் பிரிவு காட்டும் வழி எளிது: தாமதமின்றிப் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்து இரசீது பெற்றுக்கொள்ளவேண்டும். ஒப்படைப்பதால் உரிமை போய்விடாது. குறித்த காலத்துக்குள் வாரிசு லைசென்ஸ் பெற்றால் திரும்ப வாங்கலாம். வாங்கத் தகுதியுள்ளவருக்கு விற்கவும் செய்யலாம். காலம் கடந்தால் மட்டுமே அரசாங்கத்தின் உடைமையாகும். அன்பர் இவ்வரிகளைப் படிக்கும் நாளிலும் ரிவால்வர் பீரோவில் இருக்குமானால், இதழை மூடிவைத்துவிட்டு முதலில் அந்தக் காரியத்தைப் பார்க்கும்படி வேண்டுகிறோம். மேலே எழுதுவது காத்திருக்கும்.

இனி மதிப்பு. அன்பர் தந்த விவரங்கள் மூன்று: ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியின் பெயர்; .32 என்னும் அளவு. கைப்பிடியின் அடியில் 'கே' என்னும் எழுத்தோடு தொடங்கும் எண். சுழல் உருளையைத் திறந்தால் சட்டத்தின் உட்புறத்தில் மாடல் எண் எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். நல்ல கண். இந்த 'இல்லை' என்பதே ஒரு செய்தி. அக்கம்பெனியார் 1957 முதல்தான் தங்கள் துப்பாக்கிகளுக்கு மாடல் எண் இட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் குறிபார்க்கும் பந்தயங்களுக்கென்றே 'மாஸ்டர்பீஸ்' என்னும் வரிசையை அவர்கள் வெளியிட்டார்கள். 'கே' எழுத்து அந்தக் காலத்தது. .22, .32, .38 என மூன்று அளவுகளில் வந்த அவ்வரிசையில் .32 மிகக் குறைவாகவே செய்யப்பட்டது. வாங்குவோர் மற்ற இரண்டையுமே நாடினார்கள். அன்று விலைபோகாததே இன்று சேகரிப்போர் தேடும் பொருளாகிவிட்டது. ஆகவே அன்பரிடம் இருப்பது ஏறக்குறைய 1947-க்கும் 1957-க்கும் இடையே பிறந்த கே-32 ஆக இருக்கக்கூடும். கம்பெனியின் பழைய ஏடுகளைப் பார்த்து, இன்ன எண் இன்ன நாளில் இன்னாருக்கு அனுப்பப்பட்டது என்று கட்டணம் பெற்றுக் கடிதம் தரும் ஏற்பாடு அமெரிக்காவில் உண்டு. அதை எழுதி வாங்குவது நன்று.

ஆனால் அமெரிக்க விலைப் பட்டியலைப் பார்த்து டாலரை ரூபாயாக்கிக் கணக்கிடவேண்டாம். இந்தியாவின் துப்பாக்கிச் சந்தை தனியான குளம். 1980-களின் நடுவில் தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. பெயர்பெற்ற பந்தய வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அன்று முதல் உள்ளே இருக்கும் மீன்களே விற்கவும் வாங்கவும் ஆயின. அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒன்று இங்கே பன்மடங்கு விலை பெறுவது இதனால்தான். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால், கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கென்று வெளியிட்ட 'நிர்பீக்' என்னும் .32 ரிவால்வரின் விலை ஏறக்குறைய 1.22 இலட்சம் ரூபாய்.

அளவும் விலையைத் தீர்மானிக்கிறது. 9 மி.மீ., .303 போன்றவை படையினருக்குரிய அளவுகள் என்று தடை செய்யப்பட்டவை. அவை எவ்வளவு அழகாயிருந்தாலும் வாங்கத் தகுதியுள்ளவர் அரிது. .32 அப்படியன்று. நம் அரசுத் தொழிற்சாலைகள் இதே அளவில் ரிவால்வரும் தோட்டாவும் செய்கின்றன. அமெரிக்கர் ஒதுக்கிய அளவு இந்தியாவில் ஆட்சி செய்கிறது! அன்பரின் தந்தையார் தெரிந்து வாங்கினாரோ, தெரியாமல் வாங்கினாரோ, பலன் ஒன்றே.

அடுத்து நிலைமை. குழலின் உட்புறத்தில் துருக்குழி இருந்தால் பந்தயத் துப்பாக்கி தன் தொழிலை இழந்தது என்று பொருள். விசையை இழுத்துப் பிடித்த நிலையில் உருளை ஆடுமானால் அதுவும் குறையே. இவற்றைத் தோட்டா இல்லை என்று கண்ணால் கண்டபின் வியாபாரியே பார்க்கட்டும். உருளையிலும் குழலின் அடியிலும் வலப்புறக் கைப்பிடிக் கட்டையின் உள்ளேயும் இருக்கும் எண்கள் ஒத்திருந்தால் மதிப்பு உயரும். நீலக் கருமைப் பூச்சு தேய்ந்திருந்தாலும் அசலாக இருக்கவேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மதிப்பிட ஆள் வருகிறார் என்று கேட்டவுடன், பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் இட்டுப் பழைய துப்பாக்கியைப் பளபளவென்று தேய்த்துவிட்டார்கள். விருந்தோம்பல் தமிழர் குணம்தான். அன்று பாதி விலை சாக்கடையோடு போயிற்று.

இவை யாவற்றையும் மீறி ஒன்று உண்டு: யார் கையில் இருந்தது என்பது. ஓவியர் வான்கோ தம்மைச் சுட்டுக்கொள்ள உபயோகித்தது என்று நம்பப்படும் ரிவால்வர் ஒன்று, வயலில் கிடந்து துருப்பிடித்துச் சுடவே இயலாத நிலையில், 2019-இல் பாரிஸ் ஏலத்தில் 1,62,500 யூரோவுக்குப் போயிற்று. மணியாச்சியில் 1911 ஜூன் 17-இல் வாஞ்சிநாதன் எடுத்த பிரௌனிங் கைத்துப்பாக்கிக்கு எவர் விலை சொல்ல வல்லார்? ஆனால் நம் அன்பரின் தந்தையார் புகழ்பெற்றவர் அல்லர். அவர் பெற்ற பந்தயக் கோப்பைகளும் பெட்டியும் வாங்கிய பில்லும் இருந்தால் வாங்குபவர் சிறிது கூட்டித் தருவார், அவ்வளவே. மற்றதெல்லாம் மக்கள் இருவருக்கும் மட்டுமே செல்லும் நாணயம்.

இங்கேதான் இளையவருக்கு நாம் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. மூத்தவர் வாரிசு முறையில் லைசென்ஸ் கேட்டால், ஏனைய வாரிசுகளின் ஆட்சேபணையின்மையும் எழுத்தில் வேண்டும் என்கின்றன 2016-இன் ஆயுத விதிகள். இளையவர் கையெழுத்திட மறுத்தால் மூத்தவருக்கு அது கிடைப்பது கடினம். மூத்தவர் விற்க மறுத்தால் இளையவருக்கும் பணம் கிடையாது. இருவரும் பிடிவாதமாயிருந்தால் காலம் கடந்து அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். அப்போது மதிப்பு பூஜ்யம். ஆகவே சட்டம் இவ்விருவரையும் ஒரே பாயில் உட்காரவைக்கிறது.

நாம் சொல்லும் வழி இது. ரிவால்வரை ஒப்படைத்த வியாபாரியிடமும், அவருக்குத் தொடர்பில்லாத மற்றொரு வியாபாரியிடமும், "இன்று நீரே வாங்கினால் என்ன தருவீர்?" என்று எழுதி வாங்குக. "என்ன பெறும்?" என்று கேட்கலாகாது, அதற்கு வரும் விடை எட்டு இலட்சக் கதை. இரண்டு தொகைக்கும் நடுவே ஒன்றை எடுத்து, அதில் பாதியை மூத்தவர் இளையவர் பங்கில் சேர்த்துவிடட்டும். இளையவர் கையெழுத்திட்ட கடிதத்தைத் தூதரகத்தின் அத்தாட்சியோடு அனுப்பட்டும். அதன்பின் நகரப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் மூத்தவர் விண்ணப்பம் தரலாம்.

மூத்தவரின் கடிதத்தில் இறுதியாக ஒரு வரி இருந்தது. சிறு வயதில் தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தந்தையார் சுடுமிடத்துக்குச் சென்றதையும், சத்தம் கேட்கும்போதெல்லாம் தம்பி தம் காதுகளைப் பொத்தாமல் அண்ணன் காதுகளைப் பொத்தியதையும் எழுதியிருந்தார். அந்த வரியை அவர் தம்பிக்கும் எழுதினாரா என்று கேட்டுப் பதில் அனுப்பியிருக்கிறோம்.