பெட்டி யார் தெருவில்? மைக் யார் கையில்?

நான் முதன்முதலில் டி.வி. பார்த்தது சன்னல் கம்பி வழியாகத்தான். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பொது டி.வி. இருந்த அறை ஊர்த்தெருவில் இருந்தது. காலனிப் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்று யாரும் பலகை மாட்டவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தால் "எந்தத் தெருடா நீ?" என்று ஒரு குரல் வரும். அது போதும். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' முழுவதையும் நின்றே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அதனால்தான் உள்ளூர்த் தொலைக்காட்சி என்றாலே மக்கள் ஊடகம் என்று தோழர்கள் சொல்லும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. அந்த ஊர் யாருடைய ஊர்?

இந்தக் கேள்வியோடு ஒரு வரலாற்றைப் பார்ப்போம். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்றொரு கிராமம். 1975-ல் அங்கே வெறும் ஒரு கிலோவாட் சக்தி கொண்ட ஒளிபரப்பி நிறுவப்பட்டது. அகமதாபாத்தில் இருந்த இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் நிகழ்ச்சிகளைத் தயாரித்தது. சுமார் 400 கிராமங்களின் பொது இடங்களில் 600-க்கும் மேற்பட்ட டி.வி. பெட்டிகள் வைக்கப்பட்டன.

பட்டேல் சாதியின் பிடியில் இருந்த மாவட்டம் அது. அங்கே கூலி விவசாயிகளின் குறைந்தபட்சக் கூலியும், சாதிக் கொடுமையும், வரதட்சணையும், குடியும் உள்ளூர் குஜராத்தியில் நாடகமாக வந்தன. கிராமத்து மக்களே கேமரா முன்னால் பேசினார்கள். 1984-ல் கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டே, 1985-ல், பீஜ் ஒளிபரப்பி மூடப்பட்டது. கிராம மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். அரசு கேட்கவில்லை. அந்த ஒளிபரப்பி நம் சென்னைக்கே கொண்டுவரப்பட்டது, மாநகரத்துக்கு இரண்டாவது சேனல் தருவதற்காக! கூலி கேட்டுப் பேசியவர்களின் வாயிலிருந்து பிடுங்கியதைத்தான் நகரத்துக்கு இன்னொரு பொழுதுபோக்காகக் கொடுத்தார்கள்.

குறைந்த சக்தி ஒளிபரப்பிகளுக்கு அப்போது பஞ்சமா? அதே 80-களில்தான் தூர்தர்ஷன் நாடெங்கும் அவற்றை நட்டது. ஆனால் அவற்றின் வேலை டெல்லி பேசுவதை ஊர் ஊராக அஞ்சல் செய்வதுதான். கோபுரம் நம் மண்ணில் நின்றது, குரல் டெல்லியுடையது.

2006-க்குப் பிறகு கலைஞர் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சியைக் கேலி செய்தவர்கள் பலர். அவர்கள் யாரும் சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் இல்லை. அந்தப் பெட்டி வந்த அன்று எங்கள் பிள்ளைகள் சொந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். அது சுயமரியாதை. ஆனால் பெட்டி வந்ததே தவிர மைக் வரவில்லை. எங்கள் பகுதி கேபிள் சேனலில் ஊர்த்தெருத் தேரும் கும்பாபிஷேகமும் மஞ்சள் நீராட்டு வாழ்த்தும் ஓடின. காலனிக்குத் தண்ணீர் வராதது ஒரு நாளும் ஓடவில்லை.

2023 ஜனவரி 30 அன்று எங்கள் மாவட்டத்துத் தென்முடியனூரில், தலைமுறைகளாக மறுக்கப்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காவல்துறைப் பாதுகாப்போடு நுழைந்தார்கள். அன்று கேமராக்கள் குவிந்தன. அதற்கடுத்த நாட்களில் அதே ஊரில் வேலைக்கும் கடைக்கும் போய்வருவது எப்படி இருக்கும்? அதை அன்றாடம் சொல்ல எங்கள் கையில் ஒரு நிலையம் இல்லை.

"அதுதான் யூடியூப் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, பயன்படுத்துவோம். ஆனால் எந்தக் காணொலி யார் கண்ணில் படவேண்டும் என்று முடிவு செய்வது ஒரு கம்பெனி. இதுவும் இன்னொருவர் வீட்டுச் சன்னல்தான். சமுதாய வானொலிக்கு அரசு உரிமம் தருகிறது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அதைத் திறந்துவிட்டது. ஆனால் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிவிட்டது. பாட்டுப் போடலாம், உரம் பற்றிப் பேசலாம், வன்கொடுமையைச் செய்தியாகச் சொல்லக்கூடாது!

இந்தத் தடையை நீக்கு என்பது நம் கோரிக்கையாக வேண்டும். சமுதாயத் தொலைக்காட்சிக்கும் உரிமம் கொடு, அதன் நிர்வாகத்தில் தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் இடத்தைச் சட்டத்திலேயே எழுது என்றும் கேட்க வேண்டும். இடத்தை எழுதிவைக்காத உள்ளூர் நிலையம் ஊர்த்தெரு நிலையமாகத்தான் முடியும்.

பீஜ் கிராமத்துக்கு ஒரு கிலோவாட் போதுமானதாக இருந்தது. நமக்கும் அது போதும், மைக் நம் கையில் இருந்தால்.