மின்விசிறியின் சிறு டப்பாவும் நம் ஊர்ப் பேருந்தும்

சென்ற கோடையில் எங்கள் வகுப்பு மின்விசிறி சுழல மறுத்தது. எலக்ட்ரீசியன் வந்து தீப்பெட்டி அளவுள்ள ஒரு டப்பாவை மாற்றினார். "கண்டென்சர் போயிடுச்சும்மா" என்றார். அதுவே மின்தேக்கி. இரு மெல்லிய உலோகப் படலங்கள். நடுவே மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் ஏடு. ஒன்றில் நேர் மின்னூட்டமும் மற்றதில் எதிர் மின்னூட்டமும் சேரும். விசிறிக்கு 2.5 மைக்ரோஃபாரட் போதும்.

சூப்பர் கெப்பாசிட்டர் எனும் மீமின்தேக்கியோ 3,000 ஃபாரட்கூடக் கொள்ளும். வகுத்துப் பார்த்தோம்: 120 கோடி மடங்கு! எங்ஙனம்? இதிலுள்ளது நுண்துளைகள் நிறைந்த கரி. ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை விரித்தால் 1,000 சதுர மீட்டருக்கும் மேல் வரும். அது மின்பகுளிக் கரைசலில் ஊறி நிற்கிறது. மின்னேற்றியதும் கரைசலின் அயனிகள் அச்சுவர்களில் படிகின்றன. பரப்போ மிகப் பெரிது, இடைவெளியோ ஓர் அணுவிரண்டின் அளவு. ஆதலின் தேக்கம் மிகுகிறது. இக்கரியைத் தேங்காய் ஓட்டிலிருந்தும் செய்கிறார்களாம். எங்கள் வீட்டிலோ கொட்டாங்கச்சி வெந்நீர் அடுப்புக்குத்தான் போகிறது!

இனிப் பேட்டரியே வேண்டாம் என்பாரை நாம் ஏற்கவில்லை. அரைக் கிலோ எடையுள்ள 3,000 ஃபாரட் மீமின்தேக்கி 2.7 வோல்ட்டில் கொள்வது சுமார் 3 வாட்மணி. கைப்பேசியின் சிறு பேட்டரியிலோ ஏறத்தாழ 15 வாட்மணி உண்டு. ஆனால் பேட்டரி வேதிவினையால் இயங்குவது. மெல்ல நிறையும், நாளடைவில் தேயும். மீமின்தேக்கி சில நொடிகளில் நிறையும், பல இலட்சம் முறை உழைக்கும். அது நெற்குதிர், இது கைச்சொம்பு.

கைச்சொம்பு வேண்டிய இடம் நகரப் பேருந்து. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி செல்வதற்குள் எத்தனை முறை நிற்கிறது! ஒவ்வொரு பிரேக்கிலும் ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாய் வீணாகிறது. மின்பேருந்தானால் அதை நொடியில் வாங்கி, கிளம்பும்போது திருப்பித் தரலாம். ஷாங்காயில் 2006-லேயே நிறுத்தங்களில் மின்னேற்றிக்கொள்ளும் மீமின்தேக்கிப் பேருந்துகள் ஓடின. கேரளத்தில் கெல்ட்ரான் நிறுவனம் 2024 அக்டோபரில் கண்ணூரில் மீமின்தேக்கி ஆலையே தொடங்கிவிட்டது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் செய்யும் நாம் ஏன் பின்தங்க வேண்டும்?

நம் அக்காமார் பலர் பள்ளிப் படிப்பு முடிந்ததும் விடியலில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அவ்வுழைப்பு பெருமைக்குரியதே. ஆயினும் உள்ளே நடப்பதை அறிந்து பூட்டுவதற்கும் அறியாமல் பூட்டுவதற்கும் சம்பளத்திலேயே வேற்றுமை உண்டு என்பார் எங்கள் தாயார். ஆகவே நம் ஆய்வகத்துக்குச் சிறிய மீமின்தேக்கி ஒன்று வேண்டும் என்கிறோம். சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். சிஸ்டர் இசைந்தால், அடுத்த கண்காட்சியில் ஒரு நிமிடம் மின்னேற்றி, சிறு விளக்கை எரித்துக் காட்டச் சித்தமாயிருக்கிறோம்.