விற்றமின் சி நாடி அடைப்பைத் தடுக்குமா?

கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் பார்மசிகளில் விற்றமின் சியை மாரடைப்புக்குக் காப்பாகக் கேட்டு வாங்குபவர்களைக் காண்கிறேன். இது வெறும் வதந்தியில் பிறந்த நம்பிக்கையல்ல. நாடிச் சுவரைத் தாங்கும் கொலாஜன் உருவாக விற்றமின் சி தேவை. அதை வைத்தே, நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங் நாடி அடைப்புக்கு இந்தக் குறைபாட்டைக் காரணமாக்கினார்.

ஆய்வு வேறுவிதமாகச் சொன்னது. அமெரிக்காவில் 14,641 ஆண் மருத்துவர்களைச் சுமார் எட்டு ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் 500 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2008இல் முடிவு வெளிவந்தது.

2022 நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டதை மறக்க முடியாது. பிரஷர் குளிசை கிடைக்காதபோதோ, விலை கட்டாதபோதோ மனம் மாற்று வழி தேடும். போரிலும் சுனாமியிலும் நொந்த குடும்பங்களுக்கு அது இன்னும் பெரிய ஆபத்து. விற்றமின் சிக்கு வளவுக் கொய்யாப்பழம் ஒன்றே போதும். பிரஷர் குளிசைக்கு அப்படி ஒரு மரம் இல்லை. அதை வைத்தியசாலையில் தட்டின்றி வைப்பது அரசின் பொறுப்பு.