வால்வு மாத்தக் காசிருக்கு, வீட்டுக்கு வர ஆளில்லையா?

ருமாட்டிக் இதய நோய் ஏழைகளின் நோய் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். நான் கேட்கிறேன்: ஒரே அறையில் எட்டுப் பேரைப் படுக்க வைத்தது யார்? ஊருக்கு வெளியே ஒதுக்கி, மூணு சென்ட் பட்டாவுக்கு அலைய விட்டது யார்?

நெருக்கடியில் பரவும் தொண்டைக் கிருமி அது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். வீக்கம் வத்திடும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் இதய வால்வையே தாக்கியிருக்கும். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் வால்வு கெட்டே போகும்.

எங்கக்கா மவளுக்கு வால்வு மாத்தினாங்க. பெரிய ஆஸ்பத்திரிதான். அவளோட ஒரே பாயில படுத்து எந்திரிச்ச தம்பியையும் கூட்டிட்டு வாங்கன்னு அங்க ஒருத்தரும் சொல்லல.

ஒரு பிள்ளைக்கு வந்தால் அந்த வீட்டுக்கே ஆபத்து. அதே காற்று, அதே கிருமி, அதே ரத்தம். கூடப் பிறந்த எல்லாருக்கும் எக்கோ எடுக்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்புக்குக் கேட்காத சேதத்தையும் எக்கோ காட்டும். 'கண்டுபிடிச்சு என்ன பண்றது?' என்கிறார்கள். உகாண்டாவில் இப்படி ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த 818 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. நாலு வாரத்துக்கொரு பெனிசிலின் ஊசி போட்டவர்களில் இரண்டு வருடத்தில் நோய் முற்றியது 0.8 சதவீதம் பேருக்கு, போடாதவர்களில் 8.2 சதவீதம்.

2013இல் வந்த ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் பட்டியலில் இந்த நோயும் இருக்கு. குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வருது. செங்கல் சூளைக்குப் போன பிள்ளையை யார் பாக்குறது? காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு அறுவைக்குப் பணம் உண்டு. நெஞ்சைக் கிழிச்ச பிறகுதான் நம்ம பிள்ளை அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியுமா?

ஊசிக்கு வரலன்னு தாயைத் திட்டுறாங்க. ஒருநாள் கூலி போனா அடுப்பு எரியாதுன்னு திட்டுறவங்களுக்குத் தெரியாதா?

எக்கோ நம்ம தெருவுக்கு வரணும். ஒரு பிள்ளைக்கு நோயிருந்தா குடும்பம் முழுக்கப் பாக்கணும். ஊசி, வேலை முடிஞ்சு வர்ற நேரத்துல, தெருவிலேயே கிடைக்கணும். இதைப் பிச்சையாக் கேக்கல. ஐரோப்பாவில் பெனிசிலின் வருவதற்கு முன்பே, வீடும் வாழ்க்கையும் மேம்பட மேம்பட இந்த நோய் இறங்க ஆரம்பித்தது. ஆகவே தோழர்களே, ஊசியோடு சேர்த்து நிலத்தையும் கேட்போம்.