எத்தனை துளை என்பதல்ல கேள்வி

"கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. வயித்த கிழிப்பாங்களா, ஓட்டை போட்டு எடுப்பாங்களா?"

வானொலியில் மகளிர் நலம் பேசும் நாள்களில் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. பெரும்பாலும் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் வரும், பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளோடு.

இந்த அறுவைக்கு இன்று நான்கு வழிகள் உள்ளன. அடிவயிற்றைக் கிழித்து எடுப்பது முதல் வழி. இரண்டாவது, பிறப்புறுப்பின் வழியாகவே எடுப்பது. இதில் வயிற்றில் தழும்பே இருக்காது. மூன்றாவது லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் சில சிறு துளைகள் இட்டு, கேமராவில் பார்த்தபடி செய்வார்கள். அதே துளைகளின் வழியே இயந்திரக் கைகளை மருத்துவர் இயக்கினால் அது ரோபோட்டிக் முறை.

புதியதுதான் சிறந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 47 ஆய்வுகளையும் 5,102 பெண்களையும் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வறிக்கை வேறொன்றைச் சொன்னது. புற்றுநோய் அல்லாத காரணங்களுக்கு, முடிந்தால் பிறப்புறுப்பு வழியே முதல் தேர்வு. 1813-இல் ஜெர்மன் மருத்துவர் லாங்கன்பெக் செய்த பழைய வழி அது! அது முடியாதபோது லேப்ராஸ்கோப்பி நல்லது. வயிற்றைக் கிழிப்பதைவிடச் சராசரியாக ஏறத்தாழ 13 நாள் முன்னதாகவே அன்றாட வேலைக்குத் திரும்பலாம். ஆனால் அறுவைக்கு நேரம் கூடுதல். சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க்குழாயிலோ காயம் படும் வாய்ப்பும் சற்று அதிகம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் என்றால் கணக்கே வேறு. தொடக்க நிலையில் இருந்த பெண்களிடையே செய்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், துளைவழி அறுவை செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்புவதும் மரணமும் அதிகமாக இருந்தன. அங்கே பெரிய தழும்புதான் பாதுகாப்பு.

பந்திங்கில் இருக்கும் என் அத்தைக்கு லேப்ராஸ்கோப்பிதான் செய்தார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். "சின்ன ஓட்டைதானே" என்றது வீடு. பத்தாம் நாள் பத்துக் கிலோ அரிசி மூட்டையை அவரே தூக்கினார். அன்று இரவே இரத்தப்போக்கு, மீண்டும் மருத்துவமனை. நல்லவேளை, தேறிவிட்டார்.

வெளியே துளை சிறிது. உள்ளேயோ முழுக் கருப்பையையும் எடுத்து, பிறப்புறுப்பின் மேல்முனையைத் தைத்திருக்கிறார்கள். எந்த வழியில் எடுத்தாலும் அந்தத் தையல் ஆற வாரக்கணக்கில் ஆகும். ஏறத்தாழ ஆறு வாரத்திற்குப் பாரம் தூக்கக்கூடாது, தாம்பத்திய உறவும் வேண்டாம். இதை நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது. கணவரும் பிள்ளைகளும் மாமியாரும் கேட்க வேண்டும். மெல்ல நடப்பது நல்லது. துணி பிழிவது, தண்ணீர் வாளி, கேஸ் தோம்பு எல்லாம் மற்றவர் வேலை.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒன்று. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் சேரவேண்டிய நிலையில் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். எம்.சி. முடியும் முன்பே ஓடி வந்து யாருக்கும் நல்ல பெயர் வாங்க வேண்டியதில்லை.

கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ நிபுணரைப் பார்க்கப் போகும்போது, கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எனக்குக் கருப்பையை எடுத்தே ஆக வேண்டுமா? அதிக இரத்தப்போக்கு என்றால் மாத்திரையோ கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ போதுமா? கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? கருமுட்டைப் பைகளை விட்டுவைப்பீர்களா? (இரண்டையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நிற்கும் பருவம் உடனே வந்துவிடும்.) பிறப்புறுப்பு வழியாக எனக்குச் செய்ய முடியாதா, ஏன்? இந்த முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

எத்தனை துளை என்று கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.